100 வீதம் முடித்த கங்காணிமார்: ஒரு பயிற்சி அதிகாரி பற்றிய நிகழ்வு ஆய்வு

2020 கடைசியில் கொழும்பில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் காலாண்டுக் கூட்டம். திரையில் ஒரு பட்டியல். இடப்பக்கம் தோட்டங்களின் பெயர், வலப்பக்கம் தேயிலை மலையில் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணிமாருக்கான இணையவழிப் பாடத்தை எத்தனை வீதம் பேர் முடித்தார்கள் என்ற கணக்கு. மற்றத் தோட்டங்களெல்லாம் சிவப்பிலும் மஞ்சளிலும் கிடக்க, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நேரே மட்டும் பச்சையில் 100. அந்தத் தோட்டத்துத் துரைக்கு, அதாவது முகாமையாளருக்கு, பாராட்டுக் கடிதம் அனுப்பச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

பட்டியலைத் தயாரித்தவர் பயிற்சிப் பிரிவின் தலைவி. தோட்டத்தில் எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அவருக்குக் கீழே தமிழ்ப் பாடங்களைச் சரிபார்க்கும் வேலையில் நான் இருந்தேன். ஆகவே இதில் வரும் சில தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

கூட்டம் முடிந்ததும் மிஸ் என்னைக் கூப்பிட்டு, பாடத்தின் கடைசியில் வரும் கருத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். “இப்பாடநெறி எமது அன்றாடப் பணிக்கு மிகவும் பிரயோசனமாக அமைந்திருந்தது.” ஒரு எழுத்துப்பிழை கிடையாது. ஐந்து கங்காணிமார், ஐந்து பேரும் இதே வசனம். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர்கள் அதில் மூன்று பேர்.

“இது கங்காணி எழுதினது இல்ல. ஏ.எல். தமிழ் இது” என்றார். உயர்தரம் படிப்பவர் எழுதும் தமிழ் என்று அர்த்தம்.

அவர் ஏன் அப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்கு அவர் வந்த வழி தெரிய வேண்டும்.

லயத்திலிருந்து எல்.எம்.எஸ். வரை

மிஸ் கொட்டகலைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை ஒன்றில், பிறந்தவர். அம்மா கொழுந்து, அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் வேலை. உயர்தரம் எழுதினார், கம்பஸ் கிடைக்கவில்லை. ஹட்டனில் ஒரு கணினி வகுப்பில் டைப்பிங்கும் எக்செல்லும் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். பத்துப் பிள்ளைக்கு மூன்று கணினி, அதில் ஒன்று எப்போதும் பழுது. சொல்லிக்கொடுப்பது தனக்கு வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாராம்.

அப்புறம் கொழும்பு. முதலில் ஒரு ஆடைத் தொழிற்சாலை, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மெஷின் பழக்கும் பிரிவு. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நாலு வருஷம் இருந்தார். பிறகு ஒரு நிதிக் கம்பனி. அவரை இன்றைய ஆளாக ஆக்கியது அந்த இடம்.

நாடு முழுக்கக் கிளைகள் இருந்த கம்பனி அது. ஆட்களைக் கொழும்புக்கு வரவழைத்து வகுப்பு நடத்தச் செலவு தாங்கவில்லை என்று மூடில் என்ற எல்.எம்.எஸ். பக்கம், அதாவது இணையவழிப் பாடம் நடத்தும் மென்பொருள் பக்கம், திரும்பினார்கள். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் தொடங்கி 2002-ல் முதல் பதிப்பு வெளியிட்ட மென்பொருள் அது. உரிமப் பணம் கட்டத் தேவையில்லை என்பதே எங்கள் ஊர்க் கம்பனிகளுக்கு அதில் முதலில் பிடித்த விஷயம். யாரும் சொல்லிக்கொடுக்காமல், இரவில் போர்டிங் அறையில் உட்கார்ந்து மிஸ் அதைப் பழகினார். பாடத்தைப் பொதி கட்டி ஏற்றும் ஸ்கோர்ம் முறையையும் அப்போதுதான் படித்தார். அதன் 1.2 பதிப்பு 2001-ல் வந்தது, இன்னும் ஏகப்பட்ட இடங்களில் ஓடுகிறது. அது பெரும்பாலும் திருப்பிச் சொல்லும் சேதி நாலே நாலு: முடித்தாரா, தேறினாரா, எத்தனை புள்ளி, எவ்வளவு நேரம். திரைக்கு முன்னால் உட்கார்ந்தது யார் என்பதை அதனால் சொல்ல முடியாது.

பணச் சலவைத் தடுப்புப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் எல்லோரும் செய்தே ஆக வேண்டும். கிளைகளில் இருந்தவர்கள் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போய் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். மிஸ் ஒரு வேலை செய்தார். குரல் பேசி முடியும் வரை ‘நெக்ஸ்ட்’ பட்டனைப் பூட்டினார். அடுத்த மாத அறிக்கையில் சராசரி நேரம் எகிறியது. அதற்காக அவருக்கு அந்த வருஷம் பதவி உயர்வும் கிடைத்தது.

“ஆளைப் பூட்டினேன்னு நினைச்சேன். பட்டனைத்தான் பூட்டியிருந்தேன்” என்று பின்னாளில் சொன்னார்.

2018-ல் பெருந்தோட்டக் கம்பனி கூப்பிட்டது. 1992-ல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியாருக்குக் கைமாறிய பிறகு உருவான கம்பனிகளில் ஒன்று. நேர்முகத் தேர்வில் “லயத்து ஆட்களோடு வேலை செய்ய முடியுமா?” என்று கேட்டார்களாம். “நானே லயத்து ஆள்தான்” என்றாராம். கேட்டவர் முகத்தை அவர் நடித்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டும்.

ஏலம் போனது, வகுப்பும் போகட்டும்

முதல் இரண்டு வருஷம் வகுப்புகள் பழைய மாதிரியே நடந்தன. துரைமாருக்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்கும் அத்துருகிரியவில் இருக்கும் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகத்தில் பாடநெறிகள், கங்காணிமாருக்குத் தோட்டத்து மண்டபத்தில் அரை நாள், ஒரு பகல் சாப்பாட்டுப் பார்சல். 2020 மார்ச் 20-ல் ஊரடங்கு வந்தது. தேயிலை வேலைக்கு விலக்கு கொடுத்தார்கள். மலையில் கொழுந்து நிற்கவில்லை, மண்டபத்து வகுப்பு நின்றது.

அதே நேரம் கொழும்பில் இன்னொன்று நடந்தது. 1883-லிருந்து ஆட்கள் கூடிக் கூவி நடத்திவந்த தேயிலை ஏலம், 2020 ஏப்ரல் 4-ல் முதன்முதலாக இணையத்தில் நடந்தது. கம்பனியின் மேலிடத்துக்கு அது தலைக்கேறிவிட்டது. அத்தனை பழைய ஏலத்தையே ஊரடங்கு போட்டு இரண்டு கிழமையில் கணினிக்குள் கொண்டுவந்தாயிற்று, கங்காணி வகுப்பைக் கொண்டுவர முடியாதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஏலத்தில் உட்காருகிறவர் கொழும்பில், மேசை, மடிக்கணினி, ஃபைபர் இணைப்போடு உட்காருகிறார். நாள் முழுக்க எண் பார்த்துப் பழகியவர். இங்கே ஆறு பேர் இருக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பிள்ளையின் சூம் வகுப்புக்கு. சிக்னல் வேண்டுமென்றால் லயத்துக்குப் பின்னால் மேடு ஏற வேண்டும்.

மிஸ் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை, கெடு திகதி மட்டும் வந்தது. வேறு வழியில்லாமல், ஏற்கனவே கையிருப்பில் இருந்த பாடங்களைத் தூசு தட்டி, பாதியைத் தமிழாக்கி ஏற்றினோம். இரண்டு மாதத்தில் அந்த 100 வந்தது.

ஜன்னல் விளிம்பில் ஒரு போன்

அறிக்கையை வைத்துக்கொண்டு துரைக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கலாம். வேறு அதிகாரியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். மிஸ் ஒரு சனிக்கிழமை ஜீப்பில் கிளம்பினார், நானும் கூடப் போனேன். ஹட்டன் தாண்டி, தலவாக்கலை தாண்டி, மழையில் மண் இறங்கிய ரோட்டில் போய்ச் சேரும்போது கொழுந்து மடுவத்தில் மாலை நிறுவை நடந்துகொண்டிருந்தது.

கங்காணி வீட்டில் எங்களைக் கண்டதும் ஒரே பதற்றம். அவருடைய மகள் உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமே நின்றாள். மிஸ் கங்காணியைப் பார்த்து, “மாமா, பாடம் நல்லா இருந்திச்சா?” என்றார். அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“நான்தான் செஞ்சேன் மிஸ்” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “அப்பாவுக்கு மட்டும் இல்ல. மத்த நாலு மாமாவுக்கும்.”

எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவளே காட்டினாள். சிக்னல் கிடைப்பது குசினி ஜன்னல் விளிம்பில் மட்டும். போனை அங்கே சாய்த்துவைத்து, பாடத்தை ஓடவிட்டு, ரொட்டி தட்டுவாள். குரல் நின்றதும் மாவுக் கையைத் துடைத்து நெக்ஸ்ட். ஐந்து பேருக்கும் ஐந்து இரவு. மிஸ் பெருமைப்பட்ட பூட்டு அந்தப் பிள்ளையை ஒரு ரொட்டிக்குக்கூடத் தாமதப்படுத்தவில்லை.

மிஸ் சிரித்துவிட்டார். கோபமில்லை என்று தெரிந்ததும் கங்காணியும் வாய் திறந்தார். நாங்கள் எதிர்பார்க்காத சேதி அது. முதல் பாடத்தை அவர் உண்மையிலேயே பார்க்க உட்கார்ந்திருக்கிறார். மருந்தடிப்பதைப் பற்றிய பாடம். அதில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் படம்.

“இது யாரு மிஸ், கொரோனா டாக்டரா?”

அதன் கீழே ‘தனிநபர் பாதுகாப்புக் கவச உபகரணங்கள்’ என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த பாடத்தில் ‘செடிகளைக் கத்தரித்தல்’. மலையில் பிறந்த குழந்தைக்கும் அது கவ்வாத்து. கங்காணி அரை நாள் யோசித்திருக்கிறார், கத்தரிக்காய் சம்பந்தப்பட்டதோ என்று. அந்த வரிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மிஸ் கணக்குப் போட்டார். கொழுந்தெடுப்புப் பாடத்தின் சங்கதி தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் சுற்றறிக்கைகளில் இருந்து எடுத்தது. இதே நுவரெலியா மாவட்டம். நாங்கள் சற்று முன் அந்தப் பக்கமாகத்தான் வந்தோம். அந்த அறிவு ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போய், அங்கே மலையைக் கண்ணால் பார்க்காத ஒருவரால் தமிழாகி, சர்வரில் ஏறி, அக்கரப்பத்தனைக்கு வரும்போது கங்காணிக்கு விளங்காத ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறது.

பேர் போடுங்கள்

பழைய பாடங்களைத் தூக்கிப்போட ஒரு காரணம் வேண்டியிருந்தது. அடோபி கம்பனி கொடுத்தது. கையிருப்பில் இருந்த பாடங்களில் பாதிக்கு மேல் அதன் ஃபிளாஷ் மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது, ஜனவரி 12 முதல் அது ஓடவே மறுத்தது. “அமெரிக்காக்காரன் நமக்குப் பெரிய உதவி செஞ்சான்” என்று சொல்லிக்கொண்டே, புதுப் பாடம் செய்ய மிஸ் பணம் கேட்டு எழுதினார். பாடம் சரியில்லை என்று எழுதியிருந்தால் ஒரு சதம் வந்திருக்காது. மென்பொருள் செத்துவிட்டது என்றதும் வந்தது.

புதுப் பாடம் என்று நாங்கள் செய்தது பார்வைக்கு ஒன்றுமே இல்லை. வாட்ஸ்அப் குழு. கிழமைக்கு இரண்டு குரல் பதிவு, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். பேசுவது ஓய்வுபெற்ற ஒரு கங்காணி. கொழுந்தெடுக்க மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை எங்கே பிடிப்பது, கொழுந்தெடுக்கும் சுற்று பிந்திய மலையில் முத்தின இலையை என்ன செய்வது, மருந்தடிக்கும்போது காற்றுக்கு எந்தப் பக்கம் நிற்பது. அவர் பேச்சில் ‘ஆகவே’, ‘எனவே’ எதுவும் இருக்காது. “இந்தா பாரு தம்பி” என்று தொடங்குவார். கேட்டவர்கள் அன்றைக்கு மலையில் பார்த்ததைக் குரலிலேயே பதில் அனுப்ப வேண்டும். பதில் சின்னதாக இருந்தாலும் அது அவர் குரல். மகள் அனுப்ப முடியாது. அந்த ஸ்கோர்ம் கேள்விக்கு, யார் உட்கார்ந்தது என்பதற்கு, இப்படி ஒரு மலிவான பதில் கிடைத்தது.

இதுவரை வந்தது எளிது. மிஸ்ஸின் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய சண்டை என்று நான் நினைப்பது இதற்குப் பிறகு வந்தது. கங்காணி எப்போது கேட்பார்? இரவிலா, பகலிலா? இரவென்றால் அது அவர் சொந்த நேரம், கூலி இல்லாத வேலை. மிஸ் ஒரே பிடியாக நின்றார்: காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், பெரட்டு முடிந்ததும் கால் மணி நேரம், அன்றைய பேருக்குள்ளேயே. வெளியாருக்கு விளங்காது என்பதற்காகச் சொல்கிறேன், ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பதிவாவது. பேர் விழுந்தால்தான் சம்பளம்.

நேரம் அதைவிட மோசமாக அமைந்திருக்க முடியாது. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானி வந்திருந்தது. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோவைக் கம்பனிகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். கால் மணி நேரத்துக்கு எத்தனை கிலோ போகும் என்று துரைமார் கணக்கோடு வந்தார்கள். மிஸ் வேறு கணக்கோடு வந்தார்: முத்தல் இலை கலந்து ஸ்டோர் திருப்பிய நாட்கள், அந்த நாட்களின் கிலோ. பழைய நிதிக் கம்பனியில் கற்ற எக்செல் வீண் போகவில்லை. ஆனாலும் அவரை ஜெயிக்கவைத்தது எக்செல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு மூத்த துரை, “பேர் போடாமல் கேட்கச் சொன்னால் மறுபடி மகள்தான் கேட்பாள்” என்றார். ரொட்டிக் கதை அதற்குள் எல்லாத் தோட்டத்துக்கும் போயிருந்தது. மூன்று தோட்டத்தில் பரீட்சார்த்தமாகச் செய்ய அனுமதி கிடைத்தது.

எதை அளப்பது

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியை அளக்க நாலு படி சொன்னார்: ஆட்களுக்குப் பிடித்ததா, படித்தார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு வந்ததா. இந்தத் துறையில் எல்லோரும் இதை மனப்பாடமாகச் சொல்வோம். கூட்டத்தில் காட்டிய அந்த ‘முடித்தோர் வீதம்’ இந்த நாலில் எந்தப் படியிலும் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மிஸ் மூன்றாம் படிக்குப் புதுப் பரீட்சை வைக்கவில்லை. ஸ்டோருக்குக் கொழுந்து வந்ததும் ஒரு பிடி எடுத்து நல்லது, முத்தல், நசுங்கினது என்று பிரித்து நிறுக்கும் வழக்கம் ஏற்கனவே உண்டு. அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டார். மூன்று தோட்டத்திலும் அந்த வருஷம் நல்ல இலை கூடியது. மேலிடத்துக்கு மகிழ்ச்சி. ஆனால் மழையும் சீராக இருந்தது, சுற்றும் பிந்தவில்லை. “இதுல எவ்வளவு பாடம், எவ்வளவு மழைன்னு எனக்குத் தெரியாது” என்று அறிக்கையிலேயே எழுதினார். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுக்கவில்லை. ஒரு அதிகாரிக்கு அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எங்கள் பிரிவில் இரண்டு கட்சி. நான் எடுத்திருப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2022-ல் நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, டீசல் இல்லை, ஜீப் நகரவில்லை. கொழும்பு சர்வரில் இருந்த துரைமாரின் பாடங்கள் மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்தன. மூன்று நிமிஷக் குரல் பதிவு மட்டும், கரண்ட் வந்த நேரத்தில் இறக்கிவைத்து, மறுநாள் பெரட்டில் ஓடியது. பயிற்சிச் செலவை வெட்டும்போது வெட்ட அதில் ஒன்றும் இல்லாததால் தப்பியது என்றும் சொல்லலாம்.

கேட்கக்கூடாதவர்கள் கேட்டது

ஒன்றை நாங்கள் யோசிக்கவே இல்லை. குரல் பதிவு காதுக்குள் நிற்காது. கங்காணிமார் அதை வீட்டிலும் சத்தமாகப் போட்டுக் கேட்டார்கள். மனைவி கேட்டார், அடுத்த காம்பராக்காரரும் கேட்டார். அவர்களில் பெரும்பாலோர் கொழுந்தெடுக்கும் பெண்கள்.

நிறுவை பற்றிய பதிவில், மழை நாளில் ஈரத்துக்காக எத்தனை கிலோ கழிக்கிறோம் என்பதைத் தராசில் வைக்கும்போதே சொல்லிவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்று ஒரு வரி. கம்பனியின் சொந்த நடைமுறைப் புத்தகத்தில் இருக்கும் வரிதான். அந்தக் கிழமை ஒரு மடுவத்தில், படங்கு கட்டிய ஒரு அம்மா கூடையை இறக்காமல் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்: “எவ்வளவு கழிக்கிறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. போன்ல அப்படித்தானே சொன்னாங்க.” பின்னால் நின்றவர்களும் கூடையை இறக்கவில்லை. அன்று லொறி பிந்திப் போனது.

விஷயம் கொழும்பு வரை வந்தது. பதிவைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார்கள். நம் புத்தகத்தில் உள்ளதைத்தானே சொன்னோம் என்று மிஸ் திருப்பிக் கேட்டார். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவும் சட்டப் பிரிவின் ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்று நிமிஷப் பதிவுக்கு மூன்று கிழமை.

2023-ல் மிஸ் விலகினார். சண்டை போட்டு இல்லை, கேக் வெட்டி அனுப்பினார்கள். அந்தக் கதிரைக்கு வந்தவர் நல்ல மனிதர், வந்ததும் புது எல்.எம்.எஸ். வாங்கினார். பச்சை, மஞ்சள், சிவப்பு திரும்பி வந்தன.

மிஸ் இப்போது ஹட்டனில் இருக்கிறார். கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வருஷக்கணக்காக வேலை செய்தும் கையில் ஒரு சான்றிதழ் இல்லாத மலையகப் பிள்ளைகளைத் தேசிய தொழில் தகைமைக்குத் தயார்ப்படுத்துகிறார். 7 மட்டம் கொண்ட அந்த முறையில், வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியதைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்காரும் வழி ஒன்று உண்டு. கொத்து போடும் பையனிடம், செய்வதை வாயால் சொல்லி போனில் பதிவு செய்யச் சொல்கிறார். அதைக் கேட்டு, கோப்பில் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிறார். வருமானம் பழைய சம்பளத்துக்கு அருகிலும் இல்லை.

அக்கரப்பத்தனைத் தோட்டத்துக் குரல் குழுவைக் கம்பனி மூடிவிட்டது. கங்காணிமார் அதே ஆட்களை வைத்து வேறொரு குழு திறந்திருக்கிறார்கள், பெயர் ‘பெரட்டு’. என்னையும் சேர்த்திருக்கிறார்கள். போன கிழமை மழை நாளில் அதில் ஒரு பெண் குரல் வந்தது: “இன்னைக்கு நம்ம மடுவத்துல ரெண்டு கழிச்சாங்க. மேமலையில எவ்வளவு?” ஐந்து நிமிஷத்துக்குள் நாலு பேர் பதில் போட்டிருந்தார்கள்.